ஃபோர்ஸா கார்களுக்கு 'பாடி' கட்டிய பெங்களூரு கம்பெனி... பேர்ப்பலகை எங்கே போச்சு?

ஒரு சின்ன டெஸ்ட். 'ஜி.டி.ஏ: வைஸ் சிட்டி' யார் செஞ்ச கேம்? ராக்ஸ்டார்னு டக்குன்னு சொல்லிடுவீங்க. 'பி.ஜி.எம்.ஐ' யாரோடது? தென் கொரியாவோட கிராஃப்டான். சரி, 'துருவா இன்டராக்டிவ்' என்ன செஞ்சது?

தெரியலையா? பரவாயில்ல, பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. ஆனா 'ஃபோர்ஸா' சீரிஸ்ல நீங்க கார் ஓட்டியிருந்தா, இல்ல யாராவது ஓட்டுறதை யூடியூப்ல பார்த்திருந்தாக்கூட, அவங்க கைவேலையை நீங்க பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். 'சீ ஆஃப் தீவ்ஸ்', 'டேஸ் கான்' மாதிரி பெரிய கேம்களிலும் அவங்க உழைப்பு இருக்கு. இத்தனையும் செஞ்ச அந்த கம்பெனி அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இல்லை. சேலம் புது பஸ் ஸ்டாண்டுல ஏறி உட்கார்ந்தா தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி சுமார் 200 கிலோமீட்டர் தூரத்துல, பெங்களூருல இருந்துச்சு.

'இருந்துச்சு'ன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 1997-ல் தொடங்கி 22 வருஷம் ஓடிய அந்தப் பேர் 2019-ல் காணாமல் போனது. கம்பெனி நஷ்டத்துல இழுத்து மூடப்படல. உள்ளே இருந்த 300-க்கும் மேற்பட்ட ஆட்கள் அப்படியே வேற ஒரு கம்பெனிக்குள்ள போனாங்க. வாங்கினது யார் தெரியுமா? 'வைஸ் சிட்டி' செஞ்ச அதே ராக்ஸ்டார்!

"அட, சூப்பர்! நம்ம ஊர்ப் பசங்க ராக்ஸ்டாருக்குப் போயிட்டாங்க"ன்னு சந்தோஷப்படலாம். "22 வருஷம் உழைச்ச கம்பெனிக்குச் சொந்தமா சொல்லிக்க ஒரு கேம்கூட இல்லையே"ன்னு வருத்தப்படலாம். ரெண்டுமே நியாயம்தான். ரெண்டும் ஏன் நியாயம்னு புரிஞ்சுக்க, பெங்களூருக்குப் போறதுக்கு முன்னாடி நாமக்கல்லுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம்.

சேசிஸ் அவங்களோடது... பாடி நம்மளோடது!

சேலம் - நாமக்கல் ரோட்டுல அடிக்கடி பைக் ஓட்டுறவரா நீங்க? அப்போ இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசில்ல. கதவு இல்லை, கேபின் இல்லை. வெறும் இன்ஜின், சக்கரம், நீளமான இரும்புச் சட்டம். நடுவுல ஒரு சீட்டைப் போட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஒருத்தர் ஓட்டிட்டு வருவார். அதுதான் சேசிஸ். பெரிய லாரி கம்பெனிகளோட தொழிற்சாலையிலிருந்து நேரா நாமக்கல் பட்டறைக்கு வரும்.

அங்கே வெல்டர், கார்பென்டர், டிங்கர், பெயின்டர்னு ஒரு கூட்டமே சேர்ந்து அதுக்கு பாடி கட்டும். சில வாரம் கழிச்சு அந்த எலும்புக்கூடு, நெத்தியில சாமி பேரோட, பளபளன்னு லாரியா வெளியே போகும். நாமக்கல்ல கட்டின பாடின்னா லாரி ஓனர்கள் மத்தியில ஒரு தனி மரியாதை.

ஆனா லாரியோட முன்னாடி ஒட்டியிருக்கற பெரிய எழுத்துப் பேர் யாரோடது? சேசிஸ் கம்பெனியோடது. பட்டறை பேர் எங்கேயாவது ஓரமா, சின்ன எழுத்துல இருக்கும். ரோட்டுல போறவங்க அதைக் கவனிக்கிறதில்ல.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வீடா இருந்தா உங்களுக்கு இன்னொரு உதாரணமும் தெரியும். 'கூலிக்கு ஓட்டுறது' வேற, 'சொந்தத்துக்கு ஓட்டுறது' வேற. நூலை வேற ஒருத்தர் குடுப்பார், நீங்க உங்க தறியில துணியா நெய்து குடுத்தா மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. துணி விக்கலைன்னா அந்த நஷ்டம் நேரா உங்க தலையில விழாது. அமோகமா வித்தாலும் அந்த லாபம் உங்களுக்கு வராது.

துருவா செஞ்சது இந்தக் கூலி நெசவுதான். துணிக்குப் பதிலா கார், துப்பாக்கி, கட்டடம், மரம், மனுஷன். எல்லாமே 3டி-யில்.

டயல்-அப் காலத்துல ஒரு தைரியம்

1997 மார்ச்சுல துருவாவைத் தொடங்கினவர் ராஜேஷ் ராவ். அந்த வருஷம் எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். வி.எஸ்.என்.எல் மட்டும்தான் குடுத்துச்சு. போன் லைன்ல 'கீ... கர்ர்ர்'னு சத்தம் போட்டு கனெக்ட் ஆகும் டயல்-அப். தனியார் கம்பெனிகள் இன்டர்நெட் விக்க அனுமதி கிடைச்சதே 1998-லதான். இன்னிக்கு நீங்க ஒரு ரீல்ஸ் பார்க்கச் செலவழிக்கிற டேட்டாவை அன்னிக்கு இறக்க மணிக்கணக்கா உட்காரணும்.

அந்த நிலைமையில, 'நாங்க கேம் செய்யப் போறோம்'னு ஒரு கம்பெனி. கேம் செய்யச் சொல்லிக்கொடுக்க காலேஜ் இல்லை. யூடியூப் டுடோரியல் இல்லை. வேலை தெரிஞ்ச ஆளை எடுக்கலாம்னா, இந்தியாவில் அந்த வேலை செஞ்ச ஆளே அபூர்வம். கத்துக்கிட்டேதான் செய்யணும், செஞ்சுக்கிட்டேதான் கத்துக்கணும். இந்தியாவின் மிகப் பழைய கேம் கம்பெனிகளில் ஒன்று துருவா என்பதை ஞாபகம் வச்சுக்கங்க. முன்னாடி போன வண்டியோட தடமே இல்லாத ரோடு அது.

ஆரம்பத்துலயே ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பிரான்ஸின் 'இன்ஃபோகிராம்ஸ்' அப்போ ஐரோப்பாவின் பெரிய கேம் நிறுவனங்கள்ல ஒண்ணு. டாம் குரூஸ் படத்தை வச்சு அவங்க வெளியிட்ட 'மிஷன்: இம்பாசிபிள்' கேம், 1998-ல் 'நின்டெண்டோ 64' கருவியில வந்தது. அதை கம்ப்யூட்டருக்கு மாத்துற வேலை துருவாவுக்குக் கிடைச்சது. பெங்களூருல இருக்கற ஒரு குட்டி டீமுக்கு ஹாலிவுட் படத்தோட கேம்!

ஆனா அந்த கம்ப்யூட்டர் பதிப்பு கடைக்கு வரவே இல்லை.

கூலி வேலையோட முதல் பாடம் இது. நீங்க எவ்வளவு நல்லா செஞ்சாலும், அதை வெளியே விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது நீங்க இல்லை. அந்த முடிவு ஏதோ ஒரு நாட்டுல, ஏதோ ஒரு மீட்டிங் ரூம்ல எடுக்கப்படும். உங்க வேலை உலகத்துக்குத் தெரியாமலே போகலாம். ஆனா செஞ்சவங்க கையில அந்த அனுபவம் நின்னுச்சு. ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் எந்தத் தரத்தை எதிர்பார்க்கும், எப்படிப் பேசும், எதுக்குக் கோபப்படும்ங்கிறதெல்லாம் தெரிஞ்ச ஒரு டீம் இந்தியாவில் உருவாச்சு.

2004-ல் இந்தியா வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃப்ரீட்மேன் ராஜேஷ் ராவைச் சந்தித்தார். அடுத்த வருஷம் வெளிவந்த அவருடைய 'தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்' புத்தகத்துல துருவா கதையும் இருக்கு. சார்லி சாப்ளின் உருவத்தை மொபைல் கேம்களில் பயன்படுத்துற உரிமை அப்போ எங்கே இருந்துச்சு தெரியுமா? பெங்களூருல, துருவா கையில! பட்டன் போன் காலம் அது. பெங்களூருல உட்கார்ந்துக்கிட்டே மெயில், சாட், ஆன்லைன் மீட்டிங் மூலமா வெளிநாட்டு கிளையன்டோட சேர்ந்து வேலை செய்ய முடியும்கிறதுக்கு அந்தப் புத்தகத்துல துருவா ஒரு உதாரணம். லாக்டவுன்ல நாம எல்லாரும் செஞ்சதை அவங்க பதினஞ்சு வருஷம் முன்னாடியே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

ஒரு கேம் காருக்கு பாடி கட்டுறது எப்படி?

'கார் வரையறதுல என்னங்க பெரிய விஷயம்?'னு தோணலாம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதல்ல நிஜக் காரோட போட்டோக்கள். முன்னாடி, பின்னாடி, மேலே, கீழே, டேஷ்போர்டு, சீட்டுத் தையல் வரைக்கும் நூற்றுக்கணக்குல வரும். சில சமயம் கார் கம்பெனியே தன்னோட டிசைன் ஃபைலைக் குடுக்கும். அதை வச்சு கம்ப்யூட்டர்ல காரோட உடம்பைக் கட்டணும். கேம்ல நீங்க பார்க்கற எந்தப் பொருளும் உண்மையில குட்டிக் குட்டி முக்கோணங்களால ஆனது. வளைவு வழவழன்னு தெரியணும்னா முக்கோணம் அதிகமா வேணும். அதிகமாப் போட்டா கேம் திணறும். எங்கே சேர்க்கணும், எங்கே குறைக்கணும்ங்கிறதுலதான் ஆர்ட்டிஸ்ட்டோட திறமை இருக்கு.

அடுத்து, அந்த 3டி உடம்போட தோலை உரிச்சு, தட்டையா விரிச்சு வைக்கணும். டெய்லர் சட்டைத் துணியை வெட்டி விரிக்கிற மாதிரி. அதுமேலதான் பெயின்ட், துரு, தூசி, கீறல், லெதர் எல்லாம் பூசப்படும். எந்த இடம் வெளிச்சத்தைப் பளிச்சுனு திருப்பி அனுப்பும், எது மங்கலா விழுங்கும்ங்கிறதையும் சொல்லணும். குரோம் பம்பரும் ரப்பர் டயரும் ஒரே மாதிரி மின்னினா கேமர்ஸ் சும்மா விடுவாங்களா?

அதோட முடியாது. ஒரே காரைப் பல தரத்துல செய்யணும். கேமராவுக்குப் பக்கத்துல இருக்கும்போது முழு நுணுக்கம். தூரத்துல ஒரு புள்ளியா தெரியும்போது மிகக் குறைந்த முக்கோணங்கள். நீங்க கவனிக்காத நொடியில கேம் ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கும். கதவு திறக்கணும், கண்ணாடி உடையணும், மோதினா நசுங்கணும். இதெல்லாம் முடிச்சு அனுப்பினா கிளையன்ட் பக்கத்துலருந்து கருத்து வரும். 'ஹெட்லைட் ஓரம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு.' திருப்பி செய், திருப்பி அனுப்பு.

இப்படி ஒரு கார். ஃபோர்ஸா மாதிரி கேம்ல நூற்றுக்கணக்கான கார்கள். எல்லாத்தையும் அமெரிக்காவில் இருக்கற ஒரே ஸ்டூடியோ செய்யணும்னா காலமும் காசும் கட்டுப்படியாகாது. அதனால வேலையைப் பிரிச்சு வெளியே குடுத்தாங்க. பெங்களூருல துருவா, வியட்நாம்ல 'கிளாஸ் எக்'னு பல ஊர்ல பாடி பில்டிங் நடந்துச்சு.

இன்னிக்கு எந்தப் பெரிய கேம் முடிஞ்சதும் ஓடற கிரெடிட்ஸைப் பொறுமையா பார்த்தீங்கன்னா, கடைசியில வெளி ஸ்டூடியோக்களோட பட்டியல் ஒண்ணு வரும். நாம ஸ்கிப் பட்டனைத் தட்டற இடம் சரியா அதுதான்.

சொந்தமா ஒரு கேம் செஞ்சிருக்கலாமே?

நல்ல கேள்வி. ஆனா பதில்ல நாமளும் மாட்டிக்குவோம்.

2000-கள்ல சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு எங்கே போனாலும் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்துச்சு. உங்க அண்ணன்கிட்டயோ மாமாகிட்டயோ கேட்டுப் பாருங்க. மணிக்கு 15, 20 ரூபாய் குடுத்து 'வைஸ் சிட்டி', 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ' விளையாடின கதையைக் கண்ணு மின்ன சொல்வாங்க. அடுத்த கேள்வியையும் கேளுங்க: "அந்த கேமை யாராவது ஒரிஜினல் சிடி காசு குடுத்து வாங்கினீங்களா?"

சிரிப்பாங்க. எல்லாமே காப்பி. ஒரு சிடி தெரு முழுக்கச் சுத்தும். நம்ம ஊர் மட்டுமில்ல, இந்தியா பூராவும் அப்படித்தான். வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கறதே அபூர்வம். இருந்தாலும் ஆயிரக்கணக்குல காசு குடுத்து கேம் வாங்கற பழக்கமே இல்லை. அந்தச் சந்தையை நம்பி ஒரு இந்தியக் கம்பெனி ரெண்டு மூணு வருஷம் சம்பளம் குடுத்து ஒரு பெரிய கேம் செஞ்சிருந்தா, வெளியான முதல் வாரத்துலயே அது பிரவுசிங் சென்டர்ல இலவசமா ஓடியிருக்கும். நாமளும் ஓட்டியிருப்போம்.

துணிஞ்சவங்களும் இருந்தாங்க. ஹைதராபாத்தின் 'ஆரோனா டெக்னாலஜிஸ்' 2009-ல் 'ஹனுமான்: பாய் வாரியர்'னு ஒரு கேம் செஞ்சது. பிளேஸ்டேஷன் 2-க்காக முழுக்க முழுக்க இந்தியாவிலேயே உருவான கேம்னு பேசப்பட்டது. ஆனா விமர்சனங்கள் கிழிச்சுத் தொங்கவிட்டன. கடவுளை கேம் கேரக்டர் ஆக்கலாமான்னு எதிர்ப்பும் கிளம்புச்சு. மும்பையின் 'இந்தியாகேம்ஸ்' மொபைல் கேம்கள்ல பெரிசா வளர்ந்து, யு.டி.வி கைக்குப் போய், அங்கிருந்து டிஸ்னி கைக்கும் போனது. இன்னிக்கு அந்தப் பேரும் புழக்கத்துல இல்லை.

துருவா தேர்ந்தெடுத்தது பாதுகாப்பான பாதை. கூலி வேலையில மாசா மாசம் சம்பளம் போட முடியும். ஆட்களுக்குப் பயிற்சி குடுக்க முடியும். ஒரு கேம் ஊத்திக்கிட்டாலும் அடுத்த கிளையன்ட் இருப்பார். அதே நேரம் ராஜேஷ் ராவ் 'நாஸ்காம்' அமைப்பின் கேமிங் பிரிவுக்குத் தலைமை ஏற்று, இந்தியா முழுக்க இருக்கற கேம் டெவலப்பர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவரவும் உழைச்சார். கேம் செய்யறதும் ஒரு தொழில்தான்னு அரசாங்கத்தையும் பெற்றோரையும் நம்ப வைக்கிறது அன்னிக்குச் சின்ன வேலை இல்லை.

ஆனா கூலி வேலையில ஒரு சிக்கல் இருக்கு. தறி முழுக்க அடுத்தவங்க பாவு ஓடும்போது, சொந்தப் பாவு ஏத்த தறி காலியாவே இருக்காது. திறமையான ஆட்கள் எல்லாரும் கிளையன்ட் டெட்லைன்ல இருப்பாங்க. 'அடுத்த வருஷம் நம்ம கேமைச் செய்யலாம்'னு சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிடும். குமாரபாளையத்துல ஒரு தறிக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

ரெண்டு தடவை கை மாறிய கம்பெனி

2016 டிசம்பர். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தைச் சேர்ந்த 'ஸ்டார்ப்ரீஸ்' துருவாவின் 90.5 சதவிகிதப் பங்குகளை வாங்கப்போவதாக அறிவித்தது. 'பேடே 2' கேமால் காசு பார்த்த கம்பெனி அது. விலை 85 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 57 கோடி ரூபாய். அப்போ துருவாவில் 320-க்கும் மேற்பட்டவங்க வேலை செஞ்சாங்க.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, 2018 நவம்பர் வரைக்கும். அந்த மாசம் ஸ்டார்ப்ரீஸ் பெருசா நம்பியிருந்த 'ஓவர்கில்ஸ் தி வாக்கிங் டெட்' கேம் வெளியாகி படுதோல்வி அடைஞ்சது. அடுத்த மாசமே கடன்காரர்களிடமிருந்து காத்துக்கொள்ள ஸ்டார்ப்ரீஸ் ஸ்வீடன் கோர்ட்டை நாடியது. கையில இருக்கறதை வித்துக் காசாக்க வேண்டிய கட்டாயம்.

கவனிச்சுப் பாருங்க. ஊத்திக்கிட்டது ஸ்வீடன் கம்பெனியோட கேம். விலைக்கு வந்தது பெங்களூரு கம்பெனி.

2019 மே மாசம், ஸ்டார்ப்ரீஸ் கையில இருந்த 91.82 சதவிகிதப் பங்குகளை ராக்ஸ்டார் 79 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் ஆச்சு. சுமார் 55 கோடி ரூபாய். ராக்ஸ்டாருக்கு ஏற்கெனவே 2016-லிருந்து பெங்களூருல ஒரு ஸ்டூடியோ இருந்துச்சு. 2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமில் அந்த டீமோட உழைப்பும் உண்டு. துருவா ஆட்கள் அந்த 'ராக்ஸ்டார் இந்தியா'வுக்குள்ளே சேர்ந்தாங்க. துருவாங்கிற போர்டு கழட்டப்பட்டது.

34 நிமிஷம்!

55 கோடி பெரிய காசுதானேன்னு தோணும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ராக்ஸ்டாரோட 'ஜி.டி.ஏ 5' 2013 செப்டம்பர்ல வந்தப்போ, மூணே நாள்ல 100 கோடி டாலருக்கு வித்தது. அதாவது 72 மணி நேரத்துல 100 கோடி. மணிக்குக் கிட்டத்தட்ட 1.39 கோடி டாலர். துருவாவுக்குக் குடுத்த 79 லட்சம் டாலரை அந்த வேகத்துல சம்பாதிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 34 நிமிஷம்.

22 வருஷம், 300-க்கும் மேற்பட்ட ஆட்கள், உலகத் தரமான வேலை. விலை, ஒரு ஹிட் கேமோட 34 நிமிஷ வியாபாரம்.

இதை அநியாயம்னு மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. வித்தவங்க அவசரத்துல வித்தாங்க, அதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் வேற. ஒரு கேம் கம்பெனியை விலை பேசும்போது 'உங்ககிட்ட என்ன கேம் இருக்கு?'ன்னு கேட்பாங்க. 'ஜி.டி.ஏ'ங்கிற பேருக்கு உரிமையாளர் இருக்கார். அந்தப் பேர்ல அடுத்த கேம், அதுக்கடுத்த கேம்னு வந்துக்கிட்டே இருக்கும், காசும் வந்துக்கிட்டே இருக்கும். கூலிக்குச் செஞ்ச ஃபோர்ஸா காருக்கு வேலை முடிஞ்ச அன்னிக்கே கணக்கு முடிஞ்சது. அந்த கேம் பத்து வருஷம் வித்தாலும், காரைக் கட்டினவங்களுக்கு அதுல பங்கு இல்லை. நாமக்கல்ல கட்டின லாரி எத்தனை லட்சம் கிலோமீட்டர் வாடகைக்கு ஓடினாலும் பட்டறைக்காரருக்குப் பங்கு இல்லைதானே?

அப்போ கூலி வேலை தப்பா?

தப்பில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, பள்ளிபாளையத்துல எத்தனையோ வீட்டுப் பிள்ளைங்க படிச்சதே அந்த வருமானத்துலதான். துருவாவும் அப்படித்தான். கேம் ஆர்ட்டுக்குப் பாடப் புத்தகமே இல்லாத காலத்துல, அந்த ஆபீஸே ஒரு காலேஜா இருந்துச்சு. அங்கே கத்துக்கிட்டவங்க கையில இருக்கற திறமையை யாராலும் கழட்டி எடுக்க முடியாது.

சொந்தமா செய்யறவங்க இப்போ நம்மகிட்டயும் வந்துட்டாங்க. புனேயின் 'நாடிங் ஹெட்ஸ்' டீம் 2017-ல் 'ராஜி' கேமுக்காக கிக்ஸ்டார்ட்டர்ல மக்கள்கிட்ட நிதி கேட்டுச்சு. கேட்ட தொகை சேரலை. விடாம செஞ்சு 2020-ல் வெளியிட்டாங்க. கனடாவின் டொரன்டோவில் இருக்கற 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', ஒரு தமிழ் அம்மாவோட சமையலறைக் கதை. முதல் கட்டமே இட்லி! அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகள்ல சிறந்த அறிமுக கேமுக்கான விருது அதுக்குத்தான். 300 பேர் தேவைப்படல. ஒரு குட்டி டீமும், வேற யாராலும் சொல்ல முடியாத ஒரு கதையும் போதுமா இருந்துச்சு.

1997-ல் ராஜேஷ் ராவுக்கு இல்லாத வசதி இது. அன்னிக்கு கேம் செஞ்சாலும், அதைக் கடைக்குக் கொண்டுபோக ஒரு பெரிய நிறுவனம் தயவு வேணும். இன்னிக்கு சங்ககிரியில ஒரு ரூம்ல உட்கார்ந்து செஞ்ச கேமை 'ஸ்டீம்'லயோ 'ப்ளே ஸ்டோர்'லயோ நீங்களே ஏத்தலாம்.

கேம் வேலைக்குப் போற ஐடியா இருக்கா?

அப்போ துருவா கதையிலிருந்து நாலு விஷயம் எடுத்துக்கங்க.

1. முதல்ல செஞ்சு பாருங்க. லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி அனிமேஷன் கோர்ஸ்ல சேரறதுக்கு முன்னாடி, இலவசமா கிடைக்கற 'பிளெண்டர்'ல ஆறு மாசம் உட்காருங்க. வீட்டு அண்டா, அப்பாவோட டி.வி.எஸ் 50, பட்டறையில நிக்கற லாரின்னு கண்ணெதிர்ல இருக்கறதைச் செய்யுங்க. பிடிச்சிருக்கா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுடும். இந்தத் துறையில சர்டிஃபிகேட்டைவிட செஞ்சு காட்டின வேலைக்குத்தான் மதிப்பு அதிகம்.

2. எதைக் காட்டலாம்னு கேளுங்க. வெளிநாட்டு கேம்களுக்கு வேலை செய்யும்போது ரகசிய ஒப்பந்தம் இருக்கும். கேம் வெளியாகற வரைக்கும் நீங்க செஞ்சதை யார்கிட்டயும் காட்ட முடியாது. கேம் கேன்சல் ஆனா, சில சமயம் எப்பவுமே காட்ட முடியாது. சேரும்போதே 'என் வேலையை எப்போ என் போர்ட்ஃபோலியோவில் போடலாம், கிரெடிட்ஸ்ல என் பேர் வருமா'ன்னு மரியாதையா கேட்டுடுங்க. அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

3. சொந்தத்துக்கு ஒரு தறியை ஒதுக்குங்க. சம்பள வேலை செஞ்சுக்கிட்டே, வாரத்துல சில மணி நேரம் உங்களோட சின்ன கேமுக்கு. பத்து நிமிஷம் விளையாடற கேமா இருந்தாலும் பரவாயில்ல, முடிச்சு வெளியிடுங்க. ஆனா வேலை ஒப்பந்தத்துல, ஓய்வு நேரத்துல செஞ்சதும் கம்பெனிக்குச் சொந்தம்னு ஏதாவது வரி இருக்கான்னு படிச்சுட்டுச் செய்யுங்க.

4. நம்ம ஆட்களோட கேமைக் காசு குடுத்து வாங்குங்க. இது கேம் செய்யறவங்களுக்கு மட்டுமில்ல, விளையாடற நமக்கும். அன்னிக்குச் சந்தை இல்லாததுக்கு நாமளும் ஒரு காரணம். ஒரு பிரியாணி விலையில எத்தனையோ குட்டி கேம்கள் கிடைக்குது.

'கேம் கம்பெனியில வேலையா? அதெல்லாம் ஒரு வேலையாடா?'ன்னு வீட்டுல கேட்டா, இந்தக் கதையைச் சொல்லுங்க. "நம்ம நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டற மாதிரிதான்ப்பா, அங்கே கம்ப்யூட்டர்ல கட்டுவாங்க"ன்னு சொன்னா அப்பாவுக்குப் பளிச்சுனு புரியும். அவர் அடுத்து என்ன கேட்பார்னும் யோசிச்சு வச்சுக்கங்க: "சரி, எத்தனை வருஷம் கழிச்சு சொந்தப் பட்டறை போடுவ?"

அப்படியே, அடுத்த தடவை ஏதாவது பெரிய கேம் முடிச்சதும் ஸ்கிப் பட்டனைத் தட்டாம கிரெடிட்ஸ் ஓடட்டும்னு விடுங்க. 2019-க்கு முன்னாடி வந்த ஃபோர்ஸா மாதிரி கேமா இருந்தா, கீழே வரிசையா ஓடற பேர்கள் நடுவுல துருவாவும் கண்ணுல படலாம். அந்தப் பேர்ப்பலகை இப்போ மிச்சம் இருக்கற இடம் அதுதான்.